சாட்சிக் கையெழுத்து

'ரத்ததானம் செய்பவர்களுக்கு ஆன் டியூட்டி உண்டு.'

எங்க காலேஜ் நோட்டீஸ் போர்டுல இருந்த இந்த ஒரே ஒரு வரிதான் என்னை முதல்தடவை ரத்ததான கேம்ப்புக்கு இழுத்துட்டுப் போச்சு. 'உயிர் காக்கும் உன்னதப் பணி'ன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. சத்தியமா அதை நான் படிக்கவே இல்லை! அன்னைக்கு மத்தியானம் அக்கவுன்டன்சி டெஸ்ட். ரத்தம் குடுத்தா டெஸ்ட்டுல இருந்து தப்பிக்கலாம்னு கிளம்பின கூட்டத்துல நானும் ஒருத்தி. அதனால, 'ஆஹா, என்ன ஒரு நல்ல பொண்ணு'ன்னு ஆரம்பத்துலயே நினைச்சுடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். கடைசி வரைக்கும் படிச்சா அப்படி நினைக்கவும் மாட்டீங்க.

வீடு மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. ஆனி, ஆடியில் ஊரே சாரலில் நனையும்போது உலகம் பூராவும் எங்க வீட்டு வாசல் வழியாத்தான் அருவிக்குப் போகும். நாங்க மட்டும் துணி காயலையேன்னு கவலைப்பட்டுட்டு இருப்போம்!

மிதந்த ரத்தம்

கேம்ப்புல முதல்ல எடை பார்த்தாங்க. 45 கிலோ இருக்கணும். நான் 47. பாஸ்! வயசு 18 ஆகியிருக்கணும். போன மாசம்தான் ஆச்சு. பாஸ்! அப்புறம் மோதிர விரல்ல ஒரு குத்து. வந்த ரத்தத்துல ஒரு சொட்டை எடுத்து, நீலக் கலர் தண்ணி இருந்த பாட்டில்ல விட்டாங்க. மயில்துத்தக் கரைசல். சொட்டு மூழ்கினா ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கு, மிதந்தா இல்லை. அவ்வளவுதான் பரீட்சை.

என் சொட்டு ஒய்யாரமா மிதந்துச்சு.

எனக்கு மட்டும் இல்லை. வரிசையில நின்ன பொண்ணுங்கள்ல பாதிக்குமேல மிதந்தாச்சு. பசங்க ஒவ்வொருத்தனா பிஸ்கட்டும் ஜூஸுமா வெளியே வர்றானுங்க. நாங்க தலையைத் தொங்கப் போட்டுட்டு டெஸ்ட் எழுதப் போறோம்! அங்கே இருந்த நர்ஸக்கா சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்கு: "ரத்தம் குடுக்கிறதுக்கு 12.5 கிராம் வேணும் பாப்பா. குடுக்காட்டியும் பரவாயில்ல, ஒனக்கே வேணும்லா? முதல்ல காலையில சாப்பிடு."

நிஜம்தான். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல காலைச் சாப்பாட்டை எத்தனை பேர் சாப்பிடறோம்? லேப்ல கொடுத்துப் பார்த்தப்ப எனக்கு 10.8. நல்லா இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்த உடம்பு உள்ளுக்குள்ள வறண்டுபோய்க் கிடந்திருக்கு. ரத்தம் கொடுக்கப் போகலைன்னா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

வீட்ல வந்து ஆச்சிகிட்ட மட்டும், "ரத்தம் கம்மியா இருக்காம் ஆச்சி"ன்னு சொன்னேன். எதுக்காகச் சோதிச்சாங்கன்னு சொல்லலை. அன்னைக்கு ஆரம்பிச்சது பாருங்க... முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரை அடை, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை, சுவரொட்டி வறுவல். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேற. ஆறு மாசத்துல முருங்கை மரத்தைப் பார்த்தாலே ஓடி ஒளியற நிலைமைக்கு வந்துட்டேன். ஆனா செகண்ட் இயர் கேம்ப்புல என் சொட்டு கல்லு மாதிரி மூழ்குச்சு. இந்தத் தடவை எந்த டெஸ்ட்டும் இல்லை. ரோஷம்தான் காரணம்!

350 மில்லி. ஒரு பெரிய டம்ளர் தண்ணி அளவு. பத்து நிமிஷம்கூட ஆகலை. வலின்னு பார்த்தா, முதல்ல விரல்ல குத்தினதுதான் அதிகம். கார்டுல எழுதிக் குடுத்தாங்க: 'ஓ நெகட்டிவ்'.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

கார்டை அம்மா பார்த்த அன்னைக்கு வீட்ல ஒரு குருக்ஷேத்திரம்.

"கூறு இருக்காட்டி ஒனக்கு? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. ஒடம்பு வத்திப் போயிட்டுன்னா யாரு பதில் சொல்லுறது?"

அம்மா சும்மா பயப்படற ஆளு இல்லை. ஆதாரத்தோட பயப்படற ஆளு! 2018 டிசம்பர்ல சாத்தூர் அரசு மருத்துவமனையில ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த ரத்தத்தை ஏத்தின செய்தி அம்மா மனசுல அப்படியே இருந்தது. "அங்க நடந்தது இங்க நடக்காதா?"

நானும் விடலை. அந்தச் செய்தியை முழுசாத் தேடிப் படிச்சேன். அங்கே தப்பு நடந்தது, எடுத்த ரத்தத்தைச் சோதிக்கிற இடத்துல. ரத்தம் கொடுத்த பையனுக்குத் தனக்கு அப்படி ஒரு தொற்று இருக்கறதே தெரியாது. வெளிநாடு போறதுக்காக டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதும் ஓடி ஒளியலை. 'என் ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க'ன்னு சொல்ல அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதுக்குள்ள ஏத்திட்டாங்க. அந்த வேதனையில அவரும் இறந்துபோனார். அதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ரத்தம் கொடுக்கும்போது நாம நிரப்புற ஃபாரம் இருக்கே... மஞ்சள்காமாலை வந்துச்சா, ஒரு வருஷத்துக்குள்ள டாட்டூ குத்தினீங்களா, மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா... அதுல ஃப்ரெண்டைப் பார்த்துக் காப்பியடிச்சு வரிசையா 'இல்லை' போட்டுட்டு வந்தவ நான். அது சும்மா ஃபாரம் இல்லை, யாரோ ஒருத்தருக்கு நாம கொடுக்கிற வாக்குமூலம்னு அப்பத்தான் உறைச்சது.

அம்மாகிட்ட விளக்கினேன். கொடுக்கிறவங்களுக்கு எந்தத் தொற்றும் வராது. ஊசி, பை எல்லாம் புதுசு, ஒரு ஆளுக்குப் போட்டதும் தூக்கிப் போட்டுடுவாங்க. உடம்புல ஓடுற நாலஞ்சு லிட்டர்ல இது கொஞ்சம்தான். குறைஞ்ச நீர் ஓரிரு நாள்ல ஊறிடும், சிவப்பணுக்கள் சில வாரத்துல சரியாயிடும். ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். முன்னாடி காசுக்காக ரத்தம் வித்துட்டு இருந்தாங்க இல்லையா... 1996-ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால, 1998-லிருந்து அதுவும் தடை. இப்போ யாராவது சும்மா கொடுத்தாத்தான் உண்டு.

அம்மா மசியலை. கடைசியா ஒரு அஸ்திரம் விட்டேன்.

"எம்மா, எனக்கு ஓ நெகட்டிவ். என் ரத்தத்தை யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம். ஆனா எனக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏத்த முடியும். நாளைக்கு எனக்குப் பிரசவத்துல ரத்தம் வேணும்னா, இந்த ஊர்ல எந்தப் பொண்ணோட அம்மா சம்மதிப்பா?"

அம்மா பதில் சொல்லலை. அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. எங்க வீட்ல அதுக்குப் பேரு சம்மதம்.

சில மாசம் கழிச்சு, ஒரு ஆடி மாச ராத்திரி பத்தரை மணிக்கு போன். தென்காசி ஆஸ்பத்திரியில பிரசவமான ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலை, ஓ நெகட்டிவ் வேணும்னு. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தாங்க. அம்மா எழுந்துபோய்க் குடையை எடுத்துட்டு வந்தாங்க. "நாலு மாசம் ஆயிட்டாட்டி?" - அது மட்டும்தான் கேட்டாங்க. சாரல்ல அப்பாவோட டி.வி.எஸ்-ல போய்க் கொடுத்துட்டு வந்தேன். அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு எதுவும் தெரியாது. மறுநாள் அந்த ஆஸ்பத்திரி வழியா போகும்போது சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

இதுவரைக்கும் என் பெருமை. இனிமே வர்றது அது இல்லை.

தபால்காரர் தாத்தா

எங்க தாத்தா போஸ்ட்மேன். மேலகரம், காசிமேஜர்புரம், குற்றாலம்னு சைக்கிள்லயே சுத்தினவர். மணியார்டர் எந்த வீட்டுக்கு வரும், எந்த வீட்டுக்கு வராதுன்னு அவருக்கு அத்துப்படி. ரிட்டயர் ஆன பிறகு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பேப்பர் படிப்பார். ஒரே பேப்பரைத்தான்! எழுபதைத் தாண்டினதும் கண்ல புரை விழுந்துடுச்சு. பேப்பரை மூக்குக்கு நேரே ஒட்டிவெச்சுப் படிப்பார். கடைசியில அதுவும் முடியாமப் போச்சு.

தென் மாவட்டத்துக்காரங்களுக்கு இலவசக் கண் முகாம்னா என்னன்னு சொல்லவே வேண்டாம். மதுரையில 1976-ல டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி இடங்கள், ஊர் ஊரா முகாம் போட்டு பஸ்ல கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி அனுப்புற வழக்கத்தை இங்கே ஊன்றிவிட்டிருக்கு. தாத்தாவும் அப்படி ஒரு முகாமுக்குப் போய், கறுப்புக் கண்ணாடியோட ஹீரோ மாதிரி திரும்பி வந்தார். பார்வை பளிச்!

கட்டு பிரிச்ச பிறகு தாத்தா முதல்ல படிச்சது பேப்பர் இல்லை. என்னைக் கூட்டிட்டுத் தென்காசி பெரிய கோயிலுக்குப் போனார். கோபுர வாசல்ல எப்பவும் அடிக்குமே ஒரு காத்து... அதுல வேட்டியைப் பிடிச்சுக்கிட்டே நின்னு பராக்கிரம பாண்டியன் கதையைச் சொன்னார். பதினஞ்சாம் நூற்றாண்டுல இந்தக் கோயிலைக் கட்டின ராஜா, பின்னாடி எப்பவாவது கோயிலுக்குக் குறை வந்தா அதைச் சரிபண்ணிக் காப்பாத்தப் போறவங்களை அப்பவே பணிஞ்சு வணங்கறதா எழுதி வெச்சிருக்கார். "யாருன்னே தெரியாது, இன்னும் பொறக்கவே இல்ல... அவனுக்குப் போயி ஒரு ராசா கும்பிடு போட்டிருக்கான் பாத்தியா?" அந்தக் கோபுரம் ரொம்ப வருஷம் சிதைஞ்சு கிடந்து, மறுபடி எழுந்து 1990-ல கும்பாபிஷேகம் நடந்தப்ப தாத்தாவும் கூட்டத்துல நின்னிருக்கார்.

அடுத்த மாசம் கண் பரிசோதனைக்குப் போன இடத்துல தாத்தா ஒரு ஃபாரம் வாங்கிட்டு வந்தார். கண் தானப் படிவம்.

"ஏட்டி, இத நெரப்பு."

"தாத்தா, ஆபரேஷன் பண்ணின கண்ணை எடுத்துப்பாங்களா?"

"கேட்டுட்டேன். எடுப்பாவளாம். கருவிழி நல்லா இருந்தாப் போதுமாம். கண்ணாடி போட்டிருந்தாலும், சுகர் இருந்தாலும் குடுக்கலாமாம். ரெண்டு பேருக்குப் பார்வை கெடைக்குமாம்லா."

"எதுக்குத் தாத்தா திடீர்னு?"

தாத்தா சிரிச்சார். "தபால்காரன் பையில உள்ளதெல்லாம் அவனுக்கா வந்தது? சாயங்காலம் பைய காலி பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவணும்."

நான் நிரப்பினேன். கீழே சாட்சின்னு ஒரு கோடு இருந்தது. "நீயே போடு. நீதான ரத்தம்லாம் குடுக்கிற வீராங்கனை!" போட்டேன். ஃபாரத்தோட பாதியைக் கிழிச்சு அனுப்பியாச்சு. மீதிப் பாதி தாத்தாவோட சேமிப்புப் புத்தகத்துக்குள்ள போச்சு. வீட்ல வேற யாருக்கும் தெரியாது. 'இப்ப சொன்னா ஆச்சி அழுவா'ன்னு தாத்தா சொன்னார். நானும் சரின்னுட்டேன்.

நாங்க ரெண்டு பேரும் பண்ணின தப்பு அதுதான்.

ஆறு மணி நேரம்

நான் தேர்ட் இயர் படிக்கும்போது, விடியற்காலை நாலே காலுக்குத் தாத்தா போயிட்டார். தூக்கத்துலயே. ஆச்சி அழுத சத்தத்துலதான் நாங்க எழுந்திரிச்சோம்.

அழுதுட்டே இருந்தப்ப திடீர்னு ஞாபகம் வந்தது. ஆறு மணி நேரம். கண்ணை அதுக்குள்ள எடுக்கணும். நாலே காலுன்னா, பத்தே காலு. செய்ய வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கணும். தலைக்குத் தலையணை வெச்சு உயர்த்தணும். ஃபேனை நிறுத்தணும், காத்துல கருவிழி காஞ்சிடக் கூடாது. கண் வங்கிக்கு போன் பண்ணினா அவங்களே வீட்டுக்கு வருவாங்க. அரை மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். முகத்துல எந்த விகாரமும் தெரியாது. நம்பர் என் போன்லயே இருந்தது.

ஃபேனை நிறுத்தினேன். "வந்தவங்களுக்கு வேர்க்குது"ன்னு அத்தை போட்டாங்க. மறுபடி நிறுத்தினேன். யாரோ மறுபடி போட்டாங்க.

ஆறரை மணிக்கு அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா அப்பாகிட்டச் சொன்னாங்க. அப்பா, "அண்ணன் வரட்டும்"னாங்க. பெரியப்பா வெளியூர்ல இருந்து வந்து இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிடுச்சு. தாத்தா காலைப் பிடிச்சு அவர் அழுத அழுகையில எனக்கு வாயே வரலை. அப்பா மெதுவா, "கண்ண தானமா..."ன்னு ஆரம்பிச்சதும் பெரியப்பா நிமிர்ந்தார்.

"எங்கப்பாவ முழுசா அனுப்பணும். யாரு இந்தப் பேச்ச எடுத்தது?"

நான்தான்னு ஒரு அடி முன்னாடி வந்தேன். "பெரியப்பா, தாத்தா ஒரு ஃபாரம்..."

"ஏட்டி, நீ உள்ள போ."

உள்ளே போயிட்டேன்.

அதைத்தான் இன்னிக்கும் என்னால ஜீரணிக்க முடியலை. அந்த ஃபாரம் பத்தடி தூரத்துல பீரோவுல இருந்தது. எடுத்துட்டு வந்து நீட்டியிருக்கலாம். 'இது தாத்தா கையெழுத்து, இது என் கையெழுத்து'ன்னு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பெரியவங்க பேசும்போது சின்னப் பொண்ணு பேசக் கூடாதுன்னு வளர்ந்த வாய், பேசலை. அடுப்படியில நின்னு கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். பத்தே கால் ஆச்சு. வாசல்ல ஐஸ் பெட்டி வந்து இறங்குச்சு.

பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு எல்லாரும் திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப, ஃபாரத்தை எடுத்துட்டு வந்து பெரியப்பா மடியில வெச்சேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சார். தாத்தாவோட கோணல்மாணல் கையெழுத்தை விரலால தடவினார்.

"இத அன்னைக்கே ஏன் காட்டல?"

நான் அழுதேன். அவரும் அழுதார். "எங்கப்பா ஆசைன்னு தெரிஞ்சா நான் தடுத்திருப்பேனாட்டி?"

தடுத்திருப்பாரோ, மாட்டாரோ... எனக்குத் தெரியலை. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமப் போனதுக்குக் காரணம் பெரியப்பா இல்லை. தாத்தாவோட ஆசையை ஒரு ரகசியமா பூட்டி வெச்ச நாங்க ரெண்டு பேரும்தான்.

கார்டு முடிவு பண்ணாது!

ரத்தம் விஷயத்துல ஒரு சௌகரியம் இருக்கு. என் கை, என் ரத்தம், நானே போய்ப் படுத்துக்கலாம். கண்ணும் மத்த உறுப்புகளும் அப்படி இல்லை. கொடுக்கிற நேரத்துல நாம இருக்க மாட்டோம். நாம கார்டே வெச்சிருந்தாலும், அந்த நேரத்துல டாக்டர்கள் வந்து கேட்கறது நம்ம வீட்டு ஆளுங்களைத்தான். அவங்க 'வேண்டாம்'னா வேண்டாம்தான்.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன்ங்கிற பதினஞ்சு வயசுப் பையன் பைக் விபத்துல அடிபட்டு, சென்னையில மூளைச்சாவு அடைஞ்சான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி ரெண்டு பேருமே டாக்டர்கள். மகனோட உறுப்புகளைக் கொடுக்க அவங்களே முன்வந்தாங்க. தேனாம்பேட்டையில இருந்து முகப்பேருக்கு, போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, சுமார் பதினோரு நிமிஷத்துல அந்த இதயம் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வண்டி ஓடின வேகத்தைத்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு இப்பத் தோணறது வேற. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு அப்பாவும் அம்மாவும் 'சரி'ன்னு சொன்னாங்களே... அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா எந்த ரோட்டைக் காலி பண்ணி என்ன பிரயோஜனம்?

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல உறுப்புன்னாலே பேரு கெட்டுப்போயிருந்தது. சென்னை வில்லிவாக்கத்துல வறுமைக்காக கிட்னியை வித்தவங்க அதிகமாகி, அந்த ஏரியாவையே 'கிட்னிவாக்கம்'னு சொன்ன காலம் உண்டு. உறுப்பை விக்கிறதும் வாங்கறதும் குற்றம்னு 1994-ல சட்டம் வந்தது. ஹிதேந்திரனுக்குப் பிறகு பல குடும்பங்கள் முன்வந்தாங்க. இன்னிக்கு இந்தியாவுல உறுப்பு தானத்துல முன்வரிசையில இருக்கிற மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. 2023 செப்டம்பர்ல, உறுப்பு தானம் செஞ்சவங்களோட இறுதிச் சடங்கு அரசு மரியாதையோட நடக்கும்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார்.

என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதைப் பேசினப்ப ரெண்டு கேள்வி கட்டாயம் வந்தது. ஒண்ணு, "கார்டு இருந்தா டாக்டருங்க நம்மளைக் காப்பாத்தாம விட்டுட்டா?" மூளைச்சாவுன்னு ஒரே ஒரு டாக்டர் சொல்லிட முடியாது. நாலு டாக்டர்கள் கொண்ட குழு, குறைஞ்சது ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சு உறுதி பண்ணணும். உறுப்பைப் பொருத்தப் போற டாக்டர்கள் அந்தக் குழுவுல இருக்கக் கூடாது. ரெண்டு, "கோமாவுல இருந்து எழுந்து வர்றவங்க இருக்காங்களே?" கோமா வேற, மூளைச்சாவு வேற. கோமாவுல மூளைக்கு உயிர் இருக்கு. மூளைச்சாவுல அது போயிடுச்சு. மெஷின் மூச்சுக் கொடுக்கறதால கொஞ்ச நேரம் இதயம் துடிக்குது, அவ்வளவுதான். அங்கே இருந்து யாரும் திரும்ப முடியாது.

இன்னொண்ணும் பலருக்குத் தெரியலை. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் மூளைச்சாவு அடைஞ்சவங்க, அதுவும் ஆஸ்பத்திரியில மெஷின்ல இருக்கறப்பதான் முழுசாக் கொடுக்க முடியும். ஆனா கண்ணை, எங்க தாத்தா மாதிரி வீட்டுல தூக்கத்துல இறந்தவங்களும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமித் தொற்று, வெறிநாய்க்கடி மாதிரி சில காரணங்களால இறந்தவங்க மட்டும்தான் கூடாது. மத்தபடி எல்லா வீட்டு வாசல்லயும் அந்த ஆறு மணி நேரம் இருக்கு.

ராத்திரிச் சாப்பாடு

தாத்தாவோட முதல் வருஷத் திதி முடிஞ்ச ராத்திரி. அப்பா, அம்மா, ஆச்சி, நான். மழைக்குக் கரண்ட் போயிடுச்சு. டி.வி. இல்லைன்னா வீட்ல பேச்சு வரும்தானே? தைரியத்தை வரவழைச்சுட்டுக் கேட்டேன்.

"நான் போயிட்டா என் கண்ணையும், முடிஞ்சா மத்ததையும் கொடுத்துடணும். உங்களுக்குச் சம்மதமா?"

"ராத்திரி நேரத்துல பேசுற பேச்சாட்டி இது?" - அம்மா வெடிச்சாங்க. நான் விடலை. பேசாம இருந்ததோட விலை எனக்குத் தெரியுமே.

அப்பா ரொம்ப நேரம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "எனக்கும் ஒரு ஃபாரம் எடுத்துட்டு வா. அண்ணன்கிட்ட நானே சொல்லிடுதேன்"னாங்க. அம்மா இன்னிக்கு வரைக்கும் சரின்னு சொல்லலை. "எனக்குப் பயமா இருக்கு. யோசிச்சுச் சொல்லுதேன்"னு மட்டும்தான். பரவாயில்லை. 'வேண்டாம்'னு சொல்லலை இல்லையா! நாளைக்கு அம்மா 'வேண்டாம்'னு சொன்னாலும், அது அம்மாவோட முடிவுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுவும் முக்கியம்தான்.

ஃப்ரெண்ட்ஸ், ரத்தம் கொடுங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்லை. காலேஜ்ல கேம்ப் வரும், ஓ.டி.யும் வரும், போயிடுவீங்க. காலையில மட்டும் சாப்பிட்டுட்டுப் போங்க. ஃபாரத்தை உண்மையா நிரப்புங்க. ஆனா கார்டுல கையெழுத்துப் போட்டு பர்ஸ்ல வெச்சுட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்ல அதைப் பத்தி வாயைத் திறங்க. திட்டு விழும். விழட்டும்.

ஆச்சி அன்னைக்கு எதுவுமே பேசலை. 'கண்ணைக் கொடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பொறப்போம்'னு சின்ன வயசுல எனக்குச் சொன்னதே ஆச்சிதான். அதனால நானும் ஆச்சிகிட்டக் கேட்கலை. எல்லாரும் கை கழுவிட்டு எழுந்த பிறகு, இருட்டுல என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"கண்ணக் குடுத்த கண்ணப்பன் குருடாவா போனான்? சாமி பக்கத்துலலா நிக்கான்."

"ஆச்சி..."

"ஒங்க தாத்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்..." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் கையை அழுத்தினாங்க.

"எனக்குப் பஞ்சு வைக்கத் தெரியும்லாட்டி ஒனக்கு? ஃபேன எவ போட்டாலும் விடாத."